ஓவேலிக்கு வராத மானியம்

ஓவேலி பேரூராட்சி வீட்டுவசதிக்கு விண்ணப்பம் எழுதினாலும் சாலைக்கு எழுதினாலும் ஒரே கேள்வியில்தான் இடறுகிறது. அந்த நிலம் யாருடையது? கூடலூருக்குத் தெற்கே, மலைகளுக்கு அடியில் இறங்கிக் கிடக்கும் பள்ளத்தாக்கு அது. எல்லமலை, பெரியசோலை, சூண்டி, பார்வுட், ஆரோட்டுப்பாறை என்று தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவே சிதறிய ஊர்கள். அங்கே உள்ளவர்கள் ஓட்டுப் போடுகிறார்கள், வார்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், ரேஷன் கார்டு வைத்திருக்கிறார்கள். காலூன்றிய மண்ணுக்கு மட்டும் பலரிடம் பட்டா இல்லை. அவர்களில் கணிசமானோர் இலங்கை மலையகத் தோட்டங்களிலிருந்து இரு அரசுகளின் ஒப்பந்தப்படி அனுப்பப்பட்ட தமிழர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்.

வேரறுந்து வந்தவர்களை ஏற்கும் செலவை யார் சுமப்பது என்ற கேள்வி இன்று பல நாடுகளின் நகரமன்றங்களில் எழுகிறது. புகலிடம் கேட்டு வருகிறவர்கள் நகரத்தில் வந்து இறங்கினால், அந்த நகராட்சியே மத்திய அரசிடம் மானியம் கேட்டு விண்ணப்பம் போடுகிறது. நம்மிடம் அந்த வழக்கம் உருவாகவே இல்லை. இங்கே அந்தப் பணம் டெல்லியிலிருந்து சென்னைக்கு வரும். சென்னையிலிருந்து ஒரு துறைக்கோ கழகத்துக்கோ வாரியத்துக்கோ போகும். அங்கேயே செலவாகி முடியும். மக்கள் குடியேறிய ஊரின் உள்ளாட்சி அந்தக் கணக்குப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இடம்பெறாது. இந்த ஏற்பாடு சில நன்மைகளைச் செய்திருக்கிறது. அவற்றை மறைக்க மாட்டேன். ஆனால் உள்ளாட்சியை விலக்கிவைத்ததாலும், நிலத்தைத் தீர்க்காமல் பணத்தை மட்டும் அனுப்பியதாலும் அது ஒரு தலைமுறையைத் தற்காலிகக் குடிகளாகவே வைத்துவிட்டது என்பதுதான் என் முடிவு.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் இலங்கையில் குடியுரிமை இழந்த தோட்டத் தமிழர்களை இரு நாடுகளும் பங்குபோட்டுக்கொண்ட ஒப்பந்தம் 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தானது. சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டைமான் எதிர்த்தார். சம்பந்தப்பட்ட மக்களை யாரும் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேசுவரத்தில் இறங்கினார்கள். மண்டபம் முகாமில் குடும்ப அட்டையைக் காட்டி, எந்தத் திட்டம், எந்த மாவட்டம் என்று தெரிந்துகொண்டு ரயில் ஏறினார்கள். 1984இல் கப்பல் நிற்கும்வரை, இடையில் பிறந்த பிள்ளைகளையும் சேர்த்து, ஏறத்தாழ 4.6 லட்சம் பேர் இப்படி வந்தார்கள்.

சட்டப்படி இவர்கள் அகதிகள் இல்லை. இந்தியக் குடியுரிமை பெற்று வந்தவர்கள். அரசுக் காகிதத்தில் தாயகம் திரும்பியோர். ஆனால் பிறந்து வளர்ந்த லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, விட்டுவிட்டு, தாத்தா காலத்தில் விட்டுப்போன நாட்டுக்கு ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்குகிறவருக்கு, புகலிடம் தேடி வந்தவருக்குத் தேவையான அத்தனையும் தேவைப்பட்டது. வீடு, வேலை, பள்ளிக்கூடம், அக்கம்பக்கத்தார் வெறுக்காமல் ஏற்றுக்கொள்வது. இதை அரசு அன்றே உணர்ந்திருந்தது. அதனால்தான் மறுவாழ்வுக்கென்று தனியாக நிதி ஒதுக்கியது.

அந்த நிதி முக்கியமாக மூன்று கால்வாய்களில் ஓடியது. ஒன்று, சமவெளி மாவட்டங்களில் குடும்பத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் தொழில் கடன். இரண்டாவது, 1969இல் பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியோருக்காகத் தொடங்கிய ரெப்கோ வங்கி. மூன்றாவது, அரசே தோட்டம் போட்டு வேலை கொடுப்பது. 1968இல் வனத்துறையின் கீழ் தொடங்கி 1976இல் தனி நிறுவனமான தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், நம் ஊர்ப் பேச்சில் டான்டீ, இந்த மூன்றாவது கால்வாய்.

தொழில் கடனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கவ்வாத்துக் கத்தி பிடித்துப் பழகியவரிடம், கொழுந்துக் கூடை சுமந்தவரிடம், முன்பின் தெரியாத ஊரில் பெட்டிக்கடை வை என்று சொன்னது அந்தத் திட்டம். கடன் கைக்கு வருவதற்குள் தரகர் பங்கு போனது. மிஞ்சியது சாப்பாட்டுக்கே தீர்ந்தது. அப்படி நொடிந்த பலர் பிறகு தேயிலை வாசம் தேடி மலையேறினார்கள். ஓவேலிக்கும் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் இரண்டாவது முறையாக இடம்பெயர்ந்து வந்தவர்களின் கதை அது.

டான்டீயை அப்படி ஒதுக்கிவிட முடியாது. மறுவாழ்வு நிதி நன்றாகச் செலவானதற்கு ஒரு சான்று காட்டச் சொன்னால் நான் அதைத்தான் காட்டுவேன். குன்னூர், கோத்தகிரி ஒருபுறம். சேரம்பாடி, சேரங்கோடு, நெல்லியாளம், கொளப்பள்ளி, தேவாலா, பாண்டியாறு என்று பந்தலூர்ப் பக்கம் மறுபுறம். வந்தவர்களுக்குத் தெரிந்த தொழிலையே கொடுத்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே வேலை, தனித்தனியே சம்பளம், பி.எஃப். கணக்கு. குடும்பத்தைப் பிரிக்காமல் குடிவைத்தார்கள். பிள்ளைக் காப்பகமும் மருத்துவ வசதியும் தோட்டத்துக்குள்ளேயே வந்தன. பள்ளிகள் வந்தன, முதல் தலைமுறைப் பட்டதாரிகள் அந்த லைன் வீடுகளிலிருந்து வந்தார்கள். தொழிற்சங்கம் வைத்துப் பேசும் பலமும், இலங்கையிலிருந்து கூடவே கொண்டுவந்த மாரியம்மன் திருவிழாவும் அழியாமல் இருந்ததற்கு ஒரே இடத்தில் கூட்டமாகக் குடியேறியது முக்கியக் காரணம். சமவெளியில் கடன் காசோலையோடு தனித்தனியே சிதறியவர்களுக்கு இது எதுவும் கிடைக்கவில்லை.

இத்தனைக்குப் பிறகும் அந்தத் திட்டத்தின் அடிப்படையில் ஒரு பிழை இருந்தது. வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. வேலையில் இருக்கும்வரை கூரை உண்டு. அறுபது வயதை நெருங்கினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நாடு மாறி வந்தவருக்கு நிரந்தரமாக ஒரு முகவரி கொடுப்பதுதான் மறுவாழ்வின் முதல் வேலை. கழகம் கொடுத்தது பணிக்கால முகவரி. பிள்ளைகளில் ஒருவராவது தோட்டத்தில் பெயர் பதிந்தால்தான் குடும்பம் அங்கே இருக்க முடியும் என்ற நிலை, படித்த பிள்ளையையும் கொழுந்துக்கே இழுத்தது. தோட்டத்துக்குள் தண்ணீர், விளக்கு, பாதை எல்லாம் கழகத்தின் பொறுப்பாக இருந்ததால், வெளியே இருந்த உள்ளாட்சி இந்த மக்களைத் தன் மக்களாகப் பார்க்கப் பழகவும் இல்லை. கம்பெனிதான் ஊராட்சியாக இருந்தது. அந்தக் கம்பெனி நட்டத்தில் விழுந்தபோது ஊராட்சியும் சேர்ந்து விழுந்தது.

2022இல் டான்டீயின் 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறைக்குத் திருப்பித் தர அரசு ஆணையிட்டது. அதே ஆண்டில் ஓய்வு பெற்ற தொழிலாளர்களுக்குக் கட்டப்படும் வீடுகளில் பயனாளி கட்ட வேண்டிய பங்கை அரசே ஏற்பதாக அறிவித்தது. இரண்டாவது அறிவிப்பு வரவேற்க வேண்டியது. ஆனால் ஐம்பது ஆண்டு உழைத்த சமூகம் ஒன்று, ஓய்வுக்காலத்தில் வீடு கேட்டு மறுபடியும் பயனாளிப் பட்டியலில் நிற்க வேண்டி வந்ததே, அதுதான் முதல் மானியத்தின் குறையைக் காட்டுகிறது. 1976இல் வீட்டோடு மூன்று சென்ட் நிலத்தையும் தொழிலாளி பெயரில் எழுதியிருந்தால், 2022இல் இந்தச் செலவே வந்திருக்காது.

இது பந்தலூர்ப் பக்கத்துக் கதை. ஓவேலியின் நிலை இதைவிடச் சிக்கலானது. அங்கே டான்டீபோல ஒரு காப்பாளரும் இல்லை.

ஜேம்ஸ் ஆக்டர்லோனி என்ற ஆங்கிலேயர் 1845 வாக்கில் காப்பி பயிரிட்டுத் திறந்த பள்ளத்தாக்கு அது. ‘ஜென்மம்’ எனப்பட்ட நிலத்தின் மேலுரிமை நிலம்பூர் கோவிலகத்திடம் இருந்தது. தோட்டங்கள் குத்தகையில் நடந்தன. இந்த ஜென்ம உரிமையை ஒழிக்கத் தமிழக அரசு 1969இல் கூடலூர் ஜென்ம நிலங்கள் ஒழிப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஏறத்தாழ 80,000 ஏக்கர் அதன் கீழ் வந்தது. நல்ல நோக்கம், உழுதவர்களுக்குப் பட்டா கொடுக்கும் பிரிவுகள் அதில் உண்டு. ஆனால் தோட்டக் குத்தகைகளைப் பற்றிய 17ஆம் பிரிவு அன்றிலிருந்து தீராத வழக்காகிவிட்டது. பால்மடீஸ் தோட்ட நிறுவனம் போட்ட வழக்கில் 1972இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் ஒரு பகுதியைச் செல்லாது என்றது. 1974இல் அரசியலமைப்பைத் திருத்தி இச்சட்டத்தை ஒன்பதாவது அட்டவணையில் வைத்தார்கள். அதை எதிர்த்த கோயல்ஹோ வழக்கு 2007 ஜனவரியில் ஒன்பது நீதிபதிகள் அமர்வின் தீர்ப்பாக முடிந்து, சட்டக் கல்லூரி மாணவர்கள் எல்லாரும் படிக்கும் பாடமாகிவிட்டது. நாட்டின் வனச் சட்டத்தையே மாற்றிய கோதவர்மன் திருமுல்பாடு வழக்கும் 1995இல் கூடலூர் மரவெட்டை முன்வைத்துப் போடப்பட்டதுதான். அதில் 1996 டிசம்பர் 12 அன்று பிறந்த ஆணை, உரிமை யாரிடம் இருந்தாலும் காடாக இருப்பது காடே என்றது. மத்திய அரசின் அனுமதி இல்லாமல் அங்கே காடு சாராத பணி கூடாது.

இப்படி நீதிமன்றங்களில் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்த மண்ணில்தான் இலங்கையிலிருந்து வந்தவர்கள் குடிசை போட்டார்கள். சிலர் தனியார் தோட்டத்தில் வேலைக்கு வந்து, பிறகு தோட்டத்தின் ஓரத்தில் தங்கிவிட்டவர்கள். சிலர் உறவுக்காரர் சொல்லி வந்தவர்கள். சிலர் உரிமையே இல்லாதவரிடம் பத்திரத்தாளில் எழுதி வாங்கி, தோடும் மூக்குத்தியும் விற்ற பணத்தைக் கொடுத்தவர்கள். ‘செக்ஷன் 17’ என்று அவர்கள் சொல்லும்போது அது சட்டப் பிரிவாகத் தெரிவதில்லை, ஒரு வியாதியின் பெயர்போல ஒலிக்கும்.

செக்ஷன் 17 நிலத்தில் இருப்பவருக்கு என்னென்ன கிடைக்காது? பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் நகர்ப்புறப் பயனாளி தானே வீடு கட்டிக்கொள்ள, சொந்த நிலத்துக்கு ஆவணம் வேண்டும். எனவே அது இல்லை. பட்டா இல்லாத மண்ணை எந்த வீட்டுக்கடன் நிறுவனமும் ஈடாக ஏற்காது. தாயகம் திரும்பியோருக்காகவே பிறந்த ரெப்கோ வங்கி பின்னாளில் வீட்டுக்கடனுக்கென்று ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, அது 2013இல் பங்குச் சந்தை வரை வளர்ந்தது. அந்த வளர்ச்சியின் பலன் ஓவேலி மேட்டில் தகரக் கூரைக்கு அடியில் இருக்கும் அதே சமூகத்தாருக்கு எட்டாததற்கு வங்கியைக் குறை சொல்ல முடியாது. நிலத்தைத் தீர்க்காத அரசைத்தான் சொல்ல வேண்டும். மின் இணைப்பு பல வீடுகளுக்கு ஆண்டுக்கணக்கில் மறுக்கப்பட்டது. கல்லும் சிமெண்டும் வனச் சோதனைச் சாவடியைத் தாண்டுவதே போராட்டமாக இருந்தது.

விளக்கு இல்லாத வழியில் என்ன நேரும் என்பதை இந்தப் பள்ளத்தாக்கு யாரையும்விட நன்றாக அறியும். யானை தாக்கி இறந்தவர்களை ஓவேலி ஆண்டுதோறும் புதைக்கிறது. 2025 செப்டம்பரில் ராதாகிருஷ்ணன் என்று பெயரிடப்பட்ட ஒற்றை யானையைப் பிடித்து வேறு காட்டுக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது. தெருவிளக்குப் போடுவது பேரூராட்சியின் அடிப்படை வேலை. கம்பம் நடும் இடம் யாருடையது என்ற கேள்வி அங்கேயும் குறுக்கே நிற்கிறது.

வனத்துறையின் தரப்பை இந்த இடத்தில் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். ஓவேலி முதுமலைக்கும் கேரளத்து நிலம்பூர்க் காடுகளுக்கும் இடைப்பட்ட நிலம். யானைகளின் வழி மனிதர்களின் ஒப்பந்தங்களுக்கெல்லாம் முந்தையது. பட்டா என்ற பேச்சு எழுந்தாலே புதிய ஆக்கிரமிப்புக்குக் கதவு திறக்கும், ஏழையின் பெயரைச் சொல்லி ரிசார்ட்டுக்காரர் நுழைவார் என்ற அச்சத்துக்குக் காரணம் உண்டு. இன்னொரு உண்மையும் உண்டு. இந்தக் காட்டுக்கு முதல் உரிமையாளர்கள் பணியரும் காட்டுநாயக்கரும் குறும்பரும். கோவிலகம், வெள்ளைக்காரத் தோட்டம், மலபாரிலிருந்து வந்த குடியேறிகள், இலங்கையிலிருந்து வந்தவர்கள் என ஒவ்வொரு அலையும் அவர்களை ஓர் அடி பின்னே தள்ளியது. மறுவாழ்வு நிதி எதுவாக இருந்தாலும், அது அவர்களை மறுபடி தள்ளுமானால் அதற்கு நான் துணை போக மாட்டேன்.

வன உரிமைச் சட்டம் இதற்கு ஓரளவு வழி காட்டுகிறது. 2006ஆம் ஆண்டின் அந்தச் சட்டம், பள்ளி, சாலை, குடிநீர் போன்ற வசதிகளுக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தைக் கிராம சபையின் பரிந்துரையோடு ஒதுக்க அனுமதிக்கிறது. பழங்குடியினருக்கு அது உதவும். பழங்குடியல்லாதவர் உரிமை கோர, 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். 1964க்குப் பிறகு கப்பல் ஏறியவர்கள் அந்தக் கணக்குக்குள் வரவே முடியாது. வேறு நாட்டில் இருந்ததற்காக ஒருமுறை தண்டிக்கப்பட்டவர்கள், இங்கே 75 ஆண்டு இல்லாததற்காக மறுபடியும் விலக்கப்படுகிறார்கள். அரசு இருகை நீட்டி வாங்கிக்கொண்ட மக்களுக்கு இந்த விதியை அப்படியே பொருத்துவது அநீதி.

இந்தச் சூழலில் ஓவேலி பேரூராட்சி எந்தப் பணத்தைக் கேட்க முடியும்? 15ஆவது நிதிக்குழு பெரிய நகரங்கள் அல்லாத நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குக் கொடுத்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் கட்டப்பட்டது. 40 விழுக்காட்டைத்தான் விருப்பம்போலச் செலவிட முடிந்தது. பங்கீட்டின் பெரும்பகுதி 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்து. எந்த ஊரில் இடம்பெயர்ந்தவர்கள் அதிகம், எந்த ஊரில் வீட்டுவரி போடவே முடியாத குடியிருப்புகள் அதிகம் என்பதற்கு அந்தச் சூத்திரத்தில் இடமே இருக்கவில்லை. பட்டா இல்லாத வீட்டால் வரி வருமானமும் குறைவு. வருமானம் குறைந்த உள்ளாட்சிக்குத் தன் பங்கைப் போட்டுத் திட்டம் வாங்கும் வலுவும் குறைவு.

போதாதற்கு ஓவேலி ஒரு நகர்ப்புற உள்ளாட்சி. தேயிலைக்குள் மூன்று கிலோமீட்டர் நடந்தால்தான் அடுத்த கடை என்ற இடத்தை நகரம் என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். இதனால் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் நூறு நாள் வேலை அங்கே கிடைத்ததே இல்லை. கலைஞரின் கனவு இல்லம் ஊரக வீட்டுத் திட்டம்; அதுவும் கிடையாது. மழையில் கொழுந்து குறைந்து தோட்ட வேலை இல்லாத நாட்களில் கிராம ஊராட்சிக்காரருக்கு இருக்கும் கடைசிக் கயிறுகூட ஓவேலிக்காரருக்கு இல்லை. 2016 முதல் 2022 பிப்ரவரி வரை தமிழகத்தின் நகர்ப்புற உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாமல் தனி அலுவலர்கள் ஆண்டார்கள். அந்த ஆண்டுகளில் ஓவேலிக்காக யார் எந்தக் கதவைத் தட்டியிருக்க முடியும்?

உள்ளாட்சியே மானியம் கேட்கும் நாடுகளில் எல்லாம் சரியாக நடக்கிறதா என்றால், இல்லை. நம்மவர் பெருந்தொகையாக வாழும் டொராண்டோவையே பாருங்கள். 1980களில் நம் இளைஞர்கள் அகதிகளாகப் போய் இறங்கிய நகரம். 2017 முதல் கனடாவின் மத்திய அரசு, புகலிடம் கோருவோருக்குத் தங்குமிடம் கொடுக்கும் மாகாணங்களுக்கும் நகராட்சிகளுக்கும் செலவைத் திருப்பித் தரும் திட்டம் ஒன்றை நடத்துகிறது. 2023இல் பணம் போதவில்லை என்று டொராண்டோ தன் வழக்கமான தங்குமிடங்களுக்குப் புகலிடம் கோருவோரை அனுப்புவதை ஜூன் முதல் தேதியிலிருந்து நிறுத்தியது. பீட்டர் தெருவில் மழையில் நனைந்தபடி மனிதர்கள் நடைபாதையில் படுத்தார்கள். பெரும்பாலும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள். தேவாலயங்கள் அழைத்துப்போய்ச் சோறு போட்டன. ஜூலையில் மத்திய அரசு 21.2 கோடி டாலர் அறிவித்து, அதில் 9.7 கோடியை டொராண்டோவுக்குக் கொடுத்தது. நகரமும் மத்திய அரசும் யார் பொறுப்பு என்று இழுபறி நடத்திய அந்த ஆறேழு வாரமும் தரையில் படுத்திருந்தவர்களுக்குத்தான் செலவு.

நியூயார்க்கில் நடந்தது இன்னும் கொடுமை. முறைப்படி விண்ணப்பித்து, ஒப்புதல் பெற்று, செலவும் செய்து, பெற்ற 8 கோடி டாலர் மானியத்தை 2025 பிப்ரவரியில் புதிய மத்திய நிர்வாகம் நகரத்தின் வங்கிக் கணக்கிலிருந்தே திரும்ப எடுத்துக்கொண்டது. விண்ணப்பித்துப் பெறும் மானியத்தின் மூன்று பலவீனங்களும் இந்த இரு நகரங்களில் தெரிகின்றன. அது ஓராண்டுக் கணக்கில் வரும், மனிதர்கள் ஆயுள்கணக்கில் தங்குவார்கள். விண்ணப்பம் எழுதத் தெரிந்த பெரிய நகரம் வாங்கும், தெரியாத சிற்றூர் நிற்கும். கொடுப்பவரின் அரசியல் மாறினால் கொடையும் மாறும்.

ஆனாலும் டொராண்டோவில் நடந்த ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். நகரமன்றம் அந்த மக்களைத் தன் பொறுப்பில் வந்தவர்களாக ஏற்று, இவர்களுக்கு இவ்வளவு ஆகிறது, கொடுங்கள் என்று வெளிப்படையாகக் கணக்குக் காட்டியது. மேயர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. செய்தித்தாள் கேட்டது, மத்திய அமைச்சர் நெளிந்தார். நம்மிடம் மறுவாழ்வுக்கு ஆகும் செலவு எந்த உள்ளூர் மன்றத்தின் தீர்மானத்திலும் வராது. எனவே யாரும் யாரிடமும் கேட்பதில்லை.

இலங்கைத் தமிழர் முகாம்களில் இதே அமைப்பின் இன்றைய வடிவத்தைப் பார்க்கலாம். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. தனிச் சட்டமும் இல்லை. 1983க்குப் பின் படகில் வந்தவர்களை மாநில அரசு பராமரிக்கிறது. நிவாரணச் செலவை மத்திய உள்துறை ஈடுசெய்கிறது. 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்து, அதில் 231.54 கோடியில் 7,469 வீடுகள் கட்டுவதாகச் சொன்னார். பத்துக்குப் பத்து அறையில் மூன்று தலைமுறை படுத்த முகாம்களைப் பார்த்தவர்களுக்கு அந்த வீடுகளின் அருமை தெரியும். மாநில அரசு மனம் வைத்தால் டெல்லிக்காகக் காத்திருக்காமல் செய்ய முடியும் என்பதற்கு அது சான்று. அந்த அளவில் நான் முழுமனதோடு பாராட்டுகிறேன். என்றாலும் முகாம் இருக்கும் ஊராட்சிக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. முகாமில் உள்ளவருக்கு ஓட்டு இல்லாததால் வார்டு உறுப்பினருக்கு அந்தப் பக்கம் போகவும் காரணம் இல்லை.

இந்த இடத்தில் முகாமும் ஓவேலியும் ஒன்றை ஒன்று தொடுகின்றன. முகாம்களில் இருப்பவர்களில் 30,000 பேர் அளவுக்கு மலையகத் தோட்டத் தமிழர்கள்தாம். 1983 கலவரத்துக்குப் பின், கப்பலும் நின்றுபோன பின், படகில் வந்தவர்கள். அவர்களில் 65 பேர் போட்ட வழக்கில் 2019 ஜூனில் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அவர்களுடைய குடியுரிமைக் கோரிக்கையை அரசு பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். ஒரே தோட்டத்து லயத்தில் வளர்ந்த இருவரில் முதலில் கப்பல் ஏறியவர் ஓவேலியில் ஓட்டுள்ள குடிமகன். பின்னால் படகேறியவர் முகாமில் நாடற்றவர். இருவருக்கும் இடையில் இத்தனை தூரம். ஆனால் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் எழுதித் தரப்படாதவர்கள் என்பதில் இருவரும் ஒன்றே. குடியுரிமை கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களுக்கு ஓவேலியைக் காட்ட வேண்டும். ஓட்டும் வார்டும் இருந்தும், நிலம் தீராததால் அங்கே எந்த மானியமும் வந்து தங்கவில்லை.

என்ன செய்யலாம் என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. ஓவேலி போன்ற ஓர் ஊரைப் போட்டி விண்ணப்பத்துக்குள் தள்ளக் கூடாது. நான்கைந்து அலுவலரை வைத்துக்கொண்டு துப்புரவையும் குடிநீரையும் ஓட்டும் பேரூராட்சி, ஆலோசனை நிறுவனம் எழுதித் தரும் திட்ட அறிக்கையோடு மாநகராட்சிகளுடன் மல்லுக்கு நிற்க முடியாது. மாநில நிதிக்குழுவின் பகிர்வுச் சூத்திரத்திலேயே, தாயகம் திரும்பியோரும் முகாம் மக்களும் வாழும் உள்ளாட்சிகளுக்குத் தனி எடை தர வேண்டும். கேட்டுப் பெறுவதாக இல்லாமல் உரிமையாக வரும் பணமாக அது இருக்க வேண்டும். 16ஆவது நிதிக்குழுவின் காலம் 2026 ஏப்ரலில் தொடங்கி ஐந்து ஆண்டுகள். அதற்குள் மாநிலம் தன் பங்கிலாவது இதைச் செய்துவிட முடியும். நீலகிரிக்கு 1975 முதல் மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம் என்ற பெயரில் தனி நிதி வந்ததற்கு முன்னுதாரணம் இருக்கிறது. மலை என்பதற்காகத் தனி எடை கொடுக்க முடிந்தால், நாட்டின் ஒப்பந்தம் ஒன்றின் சுமையைத் தாங்கும் ஊர் என்பதற்காகவும் கொடுக்க முடியும்.

ஆனால் நிலத்துக்கு முன் பணம் போகக் கூடாது. வனம், வருவாய், பேரூராட்சி மூன்றும் சேர்ந்து வீடு வீடாகக் கணக்கெடுக்க வேண்டும். அதில் பழங்குடிகளின் ஊர்களும் உரிமைகளும் முதலில் குறிக்கப்பட வேண்டும். அடுத்து யானை நடக்கும் வழிகள். அவை போக மிஞ்சும் குடியிருப்புப் பகுதிகளில், குடும்ப அட்டையோடு வந்தவர்களுக்கும் அவர்களுடைய வாரிசுகளுக்கும் குடியிருக்கும் அளவு நிலத்தை மட்டும், விற்க முடியாத நிபந்தனையோடு, கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுத வேண்டும். ரிசார்ட்டுக்காரர் நுழைவார் என்ற வனத்துறையின் அச்சத்துக்கு அந்த நிபந்தனையே பதில். யானை வழியில் இருப்பவர்களுக்கு ஓவேலிக்குள்ளேயே, பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் தோட்ட வேலையும் எட்டும் தூரத்தில், மாற்று இடம் கொடுக்க வேண்டும். சமவெளியில் ஓர் அடுக்குமாடியைக் காட்டி இறங்கிப் போகச் சொன்னால் அது மூன்றாவது இடப்பெயர்வு. வழக்கு நிலுவையில் இருக்கிறது என்ற பதில் இனி வேண்டாம். குத்தகைத் தோட்டத்தின் வழக்கு வேறு, அதன் ஓரத்தில் மூன்று சென்டில் வாழும் குடும்பத்தின் தேவை வேறு என்று அரசே நீதிமன்றத்தில் பிரித்துக் காட்டி அனுமதி கேட்கலாம்.

கணக்கெடுப்புப் பட்டியலை எல்லமலையிலும் பெரியசோலையிலும் சூண்டியிலும் மக்கள் முன்னால் வாசிக்க வேண்டும். பெயர் விடுபட்டவர் அங்கேயே எழுந்து சொல்லட்டும். அந்தப் பட்டியல் பேரூராட்சி மன்றத்தின் தீர்மானமாகப் பதிவாகட்டும். அதற்குப் பிறகு வீட்டுக்கான நிதி, விளக்குக்கான நிதி, குழாய்க்கான நிதி என ஒவ்வொன்றையும் அந்தத் தீர்மான எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்கலாம். மறுக்கிறவர் எழுத்தில் மறுக்கட்டும்.